கணுக்கால் மறைக்கும் அகலம்

போன மாதம் என் மருமகள் என்னை வேலூரில் ஒரு துணிக்கடைக்கு அழைத்துப் போனாள். வீட்டில் போட்டுக்கொள்ள எனக்கு நைட்டி வேண்டுமாம். எனக்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். கடைப்பெண் ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்தாள். அதற்குள் நானும் மருமகளும் கடைப்பெண்ணும் சேர்ந்து நுழையலாம்.

"இது இன்னா அளவும்மா?" என்று கேட்டேன்.

"ப்ரீ சைஸ் ஆயா. யாருக்கு வேணும்னாலும் சரியா இருக்கும்."

"நீளம்?"

"நீளமும் சரியா இருக்கும்."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கக்கூட இல்லை. அளவுநாடா கழுத்தில் மாலையாகக் கிடந்தது, அலங்காரத்துக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'உனக்கு எல்லாம் சரியா இருக்கும்' என்று ஒரு துணிக்கடையில் ஒருவர் என்னிடம் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நைட்டியை முகத்தருகே கொண்டுபோனேன். புதுத்துணியின் கஞ்சி வாசனை. அதற்குப் பின்னால், நான் அழைக்காமலேயே, ஆம்பூர் கதர்க்கடைக் கோதண்டம் வந்து நின்றார். உங்களிடம் அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் என் உயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் நான் உயரம். சும்மா உயரமில்லை, தெருவே பேசும் உயரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டியைத் தேட மாட்டார்கள், என்னைக் கூப்பிடுவார்கள். பேச்சுக்கு 'வாம்மா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'ஏணி' என்பார்கள். ஏணிக்கு மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்பதுதான் என் அம்மாவின் ஓயாத விசாரம். கைவசம் இருந்தது ஒரே ஒருவர், பேரணாம்பட்டில் பீடிக்கடை வைத்திருந்த என் தாய்மாமன். நல்ல மனிதர்தான். மீசைகூட நல்ல மீசை. ஆனால் அவர் உச்சந்தலை என் தோளுக்கு வரும். அதனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நான் நின்றால் அவர் உட்கார்ந்துவிடுவார், நான் உட்கார்ந்தால் உடனே எழுந்து நிற்பார். ஒரு மத்தியானம் முழுக்க நாங்கள் கிணற்று ஏற்றம் மாதிரி ஏறி இறங்கியிருக்கிறோம். இந்த மனிதரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

நைனாவுக்கும் அந்தச் சம்பந்தத்தில் அவ்வளவு இஷ்டமில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர் வாசனை வந்துவிடும். சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கடுக்காய், அதற்கெல்லாம் மேலே மீன் எண்ணெய். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது வாசனையாகவே தெரியாது. அந்த வாசனை இல்லாத நாள்தான் கவலை, ஷாப்பில் வேலை இல்லை என்று அர்த்தம்.

ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்து வேலை பார்த்த முதல் பெண் நான். ஆனால் அது நிரந்தரமில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து வகுப்பைப் பார்த்து, 'சரி, இந்தப் பெண் இருக்கட்டும்' என்று சொன்னால்தான் வேலை நிலைக்கும். அம்மாவும் நைனாவும் இதை வைத்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வேலை நிலைத்தால் கல்யாணப் பேச்சை அம்மா எடுக்கக் கூடாது. நிலைக்காவிட்டால் தை மாதமே பேரணாம்பட்டு. ஆக, ஒரு பக்கம் கரும்பலகை, இன்னொரு பக்கம் ஏற்றம் இறைக்கும் மாமா. நான் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் தேசம் குறுக்கே வந்தது.

உப்புச் சத்தியாகிரகம் நடந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. பாலாற்று மணலில் ஒரு கூட்டம். அப்போதும் பாலாற்றில் மணல்தான், ஆனால் தோண்டினால் தண்ணீர் வரும். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தலைவர் கதரைப் பற்றிப் பேசினார். மில் துணி மூன்று மாதத்தில் நைந்து போகும், கதர் காலத்துக்கும் கிடக்கும் என்றார். நம் கதரில் எந்த ஏழையின் வயிற்றெரிச்சலும் இல்லை, நூற்றவளுக்கும் நெய்தவனுக்கும் கூலி போய்ச் சேருகிறது என்றார். கேட்க நன்றாக இருந்தது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அகலம் எவ்வளவு இருக்கும்? சாதாரணப் புடவையே எனக்குக் கணுக்காலோடு நின்றுவிடும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று கையைத் தூக்கினேன்.

நான் கையைத் தூக்கினால் அது எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தலைவர் அப்போதுதான், 'இனி கதரைத் தவிர வேறு உடுத்த மாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் யார்?' என்று கேட்டு முடித்திருந்தார். அதை நான் கவனிக்கவில்லை, அகலத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். "அதோ பாருங்கள், நம் பெண்களின் வீரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது!" என்றார். ஆம்பூரே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் 'இல்லைங்க, நான் அகலம் கேட்கத்தான்' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்கு வரவில்லை. அடுத்த நாள் காலை தொண்டர்கள் மேளத்தோடு வீட்டுக்கு வந்து, என் புடவைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போய் ஆற்று மணலில் கொளுத்திவிட்டார்கள். உடுத்தியிருந்த ஒன்றுதான் மிஞ்சியது.

"கட்டிகினு இருந்ததெல்லாம் கொளுத்திக் குடுத்துட்டு, கையை வேற தூக்கினாளாம் கையை," என்று அம்மா மூன்று நாள் பேசினாள்.

அப்படித்தான் நான் கோதண்டத்தின் கடைக்குப் போனேன். கடைத்தெருவில் அரிசி மண்டிக்கும் லாடம் அடிக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துக்கு யாரோ கதவு வைத்திருந்தார்கள், அதுதான் கதர்க்கடை. உள்ளே ஒரு விசிப்பலகை, ஓர் அலமாரி, ஒரு ராட்டை. ராட்டை சுற்றிப் பார்த்ததில்லை, அதன்மேல் கோதண்டம் மேல்துண்டைக் காயப்போட்டிருப்பார். கடையில் கூட்டமே வராது. வந்தாலும் வாங்க வருவதில்லை, பேப்பர் படிக்க வருவார்கள். ஆகவே துணி வாங்க யாராவது வந்தால் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

"புடவை இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது."

"எத்தினி விதமா இருக்குது?"

"விதமா? வெள்ளை இருக்குது. அப்புறம் அழுக்காப்போன வெள்ளை இருக்குது."

"அகலம் இன்னா அளவுல வருது?"

கோதண்டம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். பார்வை முடிய நேரமாயிற்று.

"இருக்கிறதுதான் அளவும்மா. தறி எவ்ளோ அகலமோ துணி அவ்ளோ அகலம். தறி எவ்ளோ அகலம்னா, நெசவுக்காரன் கை எவ்ளோ எட்டுமோ அவ்ளோ அகலம். நீ போய் அவன் கையை நீட்டச் சொல்லு, நான் துணியை நீட்டித் தர்றேன்."

"அகலமா வேற எப்ப வரும்?"

"அடுத்த வாரம்."

கதர்க்கடை அடுத்த வாரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அதற்கு முடிவே கிடையாது. நான் இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு இருந்ததையே வாங்கிக்கொண்டேன். விசிப்பலகைமேல் அவர் அதைப் போட்டபோது பலகை அசைந்தது. அவ்வளவு கனம். நைனா கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல எருமை," என்றார். மேஸ்திரி வாயால் அது பாராட்டு.

கட்டிப் பார்த்தால், கணுக்காலுக்கு மேலே நாலு விரக்கடை தள்ளி நின்றது. நாற்று நடப் போகிறவள் மாதிரி இருந்தேன். அதைக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தெருவில் இரண்டு பேர் 'கதர் டீச்சர்' என்று மரியாதையாகச் சொன்னார்கள், நாலு பேர் என் காலைப் பார்த்தார்கள். பொய் சொல்வானேன், கதர் டீச்சர் என்ற பேர் எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி மில் புடவைக்குப் போவதில்லை என்ற வீம்பு அந்த நடையிலேயே வந்துவிட்டது.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் எஸ்தரம்மா. என் உயரத்தில் பாதி, குரலில் இரண்டு மடங்கு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழைநாளில் பிள்ளைகளின் தலையைத் தன் முந்தானையாலேயே துவட்டிவிடுவார். ஆனால் அடக்க ஒடுக்கம் என்பது அவருக்குக் கால் பக்கத்திலிருந்து தொடங்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கதரைப் பத்தி நான் ஒண்ணும் பேசலைம்மா. அது உன் இஷ்டம். கணுக்காலைப் பத்திதான் பேசறேன். அடுத்த வாரம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வர்றாங்க. வெள்ளைக்காரங்க. நம்ப பள்ளிக்கூடத்துல டீச்சருங்க காலைக் காட்டிகினு நிக்கறாங்கன்னு அவங்க நெனைக்கலாமா? கணுக்கால் மூடினா நீ வகுப்புல நிக்கலாம். மூடலேன்னா அன்னிக்கு லீவு போட்டுக்கோ."

அன்றைக்கு லீவு போட்டால் இன்ஸ்பெக்ட்ரஸ் என்னைப் பார்க்க மாட்டார். பார்க்காவிட்டால் வேலை நிலைக்காது. நிலைக்காவிட்டால் பேரணாம்பட்டு. கணுக்காலுக்கும் கல்யாணத்துக்கும் இவ்வளவு கிட்டத்துச் சொந்தம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுபடி கோதண்டத்திடம் ஓடினேன். அடியில் ஒட்டுப்போட ஒரு முழம் கதராவது கொடுங்கள் என்றேன். அலமாரியில் இரண்டு கைக்குட்டை இருந்தது. "அடுத்த வாரம்," என்றார். அடியில் மில் துணியை வைத்துத் தைத்துக்கொள் என்றாள் அம்மா. சத்தியத்துக்குச் சத்தியமும் போய், ஒட்டுப்புடவைக்காரி என்ற பேரும் வரும். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். அப்போதும் என் முட்டி பக்கத்துக் கதவை இடித்தது.

நைனாவுக்கு நான் அழுதால் தாங்காது. புடவையை எடுத்து இரண்டு கையாலும் குறுக்கே இழுத்துப் பார்த்தார். தோளில் போட்டுப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது இன்னா பெரிய விஷயம்? இழுத்துக் கட்டிக் காயவெச்சா நாலு விரக்கடை வராதா?" என்றார்.

தோல் ஷாப்பில் ஈரத்தோலை அப்படித்தான் செய்வார்கள். நாலு பக்கமும் இழுத்து முளையில் கட்டிக் காயவைத்தால் சுருக்கமெல்லாம் விட்டுத் தோல் அகலமாகிவிடும். இழுத்த தோல் இழுத்தபடியே நிற்கும். இருபது வருடமாக எருமையையும் ஆட்டையும் இழுத்த மனிதருக்குக் கதர் எம்மாத்திரம்?

"தோலு பொறுத்துக்கும். துணி பொறுக்குமா?" என்றாள் அம்மா.

"கதரு தோலைவிடக் கெட்டிடீ. தடவிப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை ஷாப்பின் காயவைக்கும் களத்தில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து என் புடவையை விரித்தார். கஞ்சியில் முக்கி எடுத்து, இரண்டு கரையையும் மூங்கில் பிளாச்சில் சுற்றித் தைத்தார். பிளாச்சுகளைக் கயிறு போட்டு இரண்டு பக்கமும் முளைகளுக்கு இழுத்துக் கட்டினார். ஒரு முளையை இறுக்குவார், எட்டி நின்று பார்ப்பார், அடுத்த முளைக்குப் போவார். வெயில் ஏற ஏற அந்தப் புடவை முரசுத் தோல் மாதிரி ஆயிற்று. நைனா விரலால் சுண்டினார். டம் என்றது. அப்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் தங்களுக்குத் தகுந்த மாதிரி என்னைக் குனியச் சொன்னார்கள். எனக்காகத் துணியை நீளச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் அவிழ்த்துக் கட்டிப் பார்த்தேன். கணுக்கால் மூடியிருந்தது! மயிரிழையில்தான், ஆனாலும் மூடியிருந்தது. அம்மாகூடக் குனிந்து பார்த்தாள். புடவை உடம்போடு ஒட்டாமல் தகரம் மாதிரி நின்றது, நடந்தால் சத்தம் கேட்டது. அதெல்லாம் பெரிய குறையா?

ஒரு குறை இருந்தது. எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை, தெரிய நியாயமுமில்லை. அந்த மூங்கில் பிளாச்சுகள் வருடக்கணக்காகத் தோலைக் கட்டியவை. வெயிலில் பிளந்துவிடாமல் இருக்க அவற்றுக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். அந்த எண்ணெய் முழுதும் என் புடவையின் கரையில் இறங்கியிருந்தது. எங்கள் மூக்குக்குத்தான் அது எட்டாதே.

இன்ஸ்பெக்ட்ரஸ் வரும் நாள். காலையில் நான் தெருவில் இறங்கியதும் ஒரு நாய் எழுந்து பின்னால் வந்தது. நான் பெரிதுபடுத்தவில்லை. கடைத்தெரு திரும்பும்போது மூன்றாயின. மசூதி தாண்டியதும் ஆம்பூரில் உள்ள வேலைவெட்டி இல்லாத நாயெல்லாம் என் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒன்றும் குரைக்கவில்லை, கடிக்கவில்லை. என் புடவைக் கரையில் மூக்கை வைத்துக்கொண்டு பக்தியோடு நடந்தன. கோதண்டம் கடை வாசலில் நின்று பார்த்தார். "ஊர்வலமாம்மா? முன்னாடியே சொல்லியிருந்தா கொடி குடுத்திருப்பேனே," என்றார்.

பள்ளிக்கூட வாசலில் மஸ்தான் பாய் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அதிகாரிகள் யார் வந்தாலும் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பது வழக்கம். ஓர் ஆட்டுத்தோலை முழுதாகத் தைத்துப் பையாக்கி, அதில் தண்ணீர் நிரப்பி முதுகில் சுமந்துகொண்டு வருவார். கழுத்துப் பக்கம்தான் வாய். கையால் அதை இறுக்கியும் தளர்த்தியும் விசிறினால் தண்ணீர் பூமாதிரி விழும். அவருக்கு உலகத்தில் பயம் ஒன்றுதான், நாய். முதுகில் ஆட்டுத்தோல் சுமக்கிறவருக்கு அந்தப் பயம் இருப்பது நியாயம்தானே.

"யா அல்லா! இன்னாம்மா இத்தினி நாயி!" என்று அலறிக்கொண்டு நாய்களை விரட்டப் பையின் வாயை அவற்றின் பக்கம் திருப்பினார். நாய்கள் இருந்தது என் கரையில். பையில் இருந்த தண்ணீர் முழுக்க என் இடுப்புக்குக் கீழே வந்து சேர்ந்தது. நாய்கள் உதறிக்கொண்டு ஓடிவிட்டன. நான் எங்கே ஓடுவது? உள்ளே மணி அடித்துவிட்டது, தெருமுனையில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் குதிரைவண்டி தெரிந்தது.

எஸ்தரம்மா முதலில் என் காலைத்தான் பார்த்தார். கணுக்கால் மூடியிருந்தது. ஈரமாக இருந்தாலும் மூடியிருந்தது. "போ, போ, வகுப்புக்குப் போ," என்றார்.

ஈரத்தை உதறிவிட்டு மூன்றாம் வகுப்பில் போய் நின்றேன். அன்றைய பாடம் நீட்டல் அளவை. விரற்கடை, சாண், முழம். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் போலவே நெடுநெடுவென்று இருந்தார், அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். எஸ்தரம்மா பக்கத்தில் கைகட்டி நின்றார். நான் பாடத்தைத் தொடங்கினேன். நன்றாகத்தான் போயிற்று. கால்மணி நேரம் கழித்துக் காலில் காற்றுப் பட்டது.

குனிந்து பார்க்கப் பயம். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. கஞ்சி கரைந்துவிட்டது. நைனா முளைகட்டி வாங்கிய நாலு விரக்கடையை அந்தப் புடவை திருப்பி எடுத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் என்மேல் விழுந்தது. புடவை காயக் காயச் சுருங்கியது, சுருங்கச் சுருங்க ஏறியது. எஸ்தரம்மாவின் கண் என் முகத்தைவிட்டுக் கீழே இறங்கி அங்கேயே நின்றது. அவர் முகம் கறுத்தது. எனக்குப் பேரணாம்பட்டு பீடிக்கடையின் வாசல்படி வரைக்கும் தெரிந்தது.

"எந்தக் குழந்தையாவது எழுந்து, இந்த அறையில் உள்ள ஏதாவது ஒன்றை அளந்து சொல்லட்டும்," என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா, புத்தகத் தமிழில்.

எழுந்தவள் குப்பு. முன்வரிசைக் குப்பு, எட்டு வயது, எண்ணெய் வழியும் ரெட்டைப் பின்னல். இருந்த பிள்ளைகளிலேயே கெட்டிக்காரி அவள்தான், ஆகவே எனக்கு இன்னும் பயமாயிற்று. கரும்பலகையை அளக்கலாம். மேஜையை அளக்கலாம். குப்பு நேராக வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். தரையில் சுண்டுவிரலை ஊன்றி, கையை விரித்து, கட்டைவிரலைப் புடவைக் கரையில் வைத்தாள்.

"டீச்சர் பொடவைக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சாண்!"

எஸ்தரம்மாவின் வாய் திறந்து திறந்தபடி இருந்தது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"நல்லது. இன்னொன்று அளந்து சொல்," என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா.

குப்பு சுற்றிப் பார்த்தாள். ஒன்றை அளந்தால் அதே ஜாதியில் இன்னொன்றை அளந்து ஒப்பிட வேண்டும் என்று நான்தான் முந்தின நாள் சொல்லிக்கொடுத்திருந்தேன். நல்ல பிள்ளை, மறக்கவில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவிடம் போனாள். "எழுந்து நில்லுங்கோ," என்றாள். அவர் என்ன ஏதென்று கேட்காமல் எழுந்து நின்றார். குப்பு அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஒரு சாண் வைத்தாள். கவுன் இன்னும் மேலே இருந்தது. இன்னொரு சாண் வைத்தாள்.

"இவங்களுது ரெண்டு சாண்!" என்று கத்தினாள். "டீச்சரைவிட ஒரு சாண் ஜாஸ்தி!"

பட்டுக் காலுறை போட்ட அந்த இரண்டு சாண் காலை எஸ்தரம்மா அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதுவரை அவர் வெள்ளைக்கார முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் காலைப் பற்றி அவர் இனி என்ன சொல்ல முடியும்? ஒரு சாண் தப்பு என்றால் இரண்டு சாண் என்ன? பாவம், வாயை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா தன் காலைத் தானே குனிந்து பார்த்தார், என் காலைப் பார்த்தார், பிறகு தொப்பி நழுவ நழுவச் சிரித்தார்.

"சரியாக அளக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது? நீயா? நீ இருக்க வேண்டும்," என்றார்.

அவ்வளவுதான். என் வேலை நிலைத்தது.

வீட்டில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நைனா மட்டும் சிரிக்கவில்லை. வேலை நிலைத்ததைவிட அவர் இழுத்தது நிலைக்காததுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. "எண்ணெய் கம்மியாப் போச்சு. துணிக்கும் பூசியிருந்தா தண்ணி ஏறியிருக்காது," என்று நாலு நாள் முணுமுணுத்தார். அப்படிச் செய்திருந்தால் ஆம்பூர் நாய்களோடு வாணியம்பாடி நாய்களும் சேர்ந்து வந்திருக்கும். மாமா அந்தத் தை மாதமே குடியாத்தத்தில் பெண் கட்டினார். அந்த அத்தை அவர் தோள் உயரம். கல்யாணத்தில் அவர் வந்தவர்களிடமெல்லாம் நின்றுகொண்டே பேசியதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறு வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஜுரமோ என்று நினைத்தேன். "குப்பு வர மாட்டா டீச்சர். சோளிங்கர்ல குடுத்துட்டாங்க," என்றது பக்கத்தில் இருந்த பிள்ளை, பலப்பத்தை நக்கிக்கொண்டே. ஒன்பது வயசு. அப்போது சின்னப் பெண்களுக்குக் கல்யாணம் கூடாதென்று சாரதா சட்டம் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ரயில் போகும் சோளிங்கருக்குச் சட்டம் போகவில்லை போலிருக்கிறது. நான் அவள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். என்ன பிரயோஜனம்? பூட்டின வீட்டுக்கு முன்னால் நின்று கத்தினேன், சோளிங்கருக்கே போய்விட்டார்களாம். என்னைப் பேரணாம்பட்டுக்குப் போகவிடாமல் இழுத்துப் பிடித்தது அவளுடைய ஒரு சாண் கை. அவளை இழுத்துப் பிடிக்க என் இத்தனை நீளக் கைக்கு எட்டவில்லை. வேறொருவர் இதை என்னிடம் சொல்லியிருந்தால் அழகாக ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். எனக்கு இன்றுவரை அது ஆத்திரம்தான்.

கோதண்டத்தின் சந்தில் இப்போது டிரான்சிஸ்டர் ரேடியோ விற்கிறார்கள். ஆட்டுத்தோல் பையைப் பார்த்த பிள்ளைகள் ஊரில் யாருமில்லை, மஸ்தான் பாயின் பேரனுக்கே அது என்னவென்று சொல்ல வேண்டியிருந்தது. ஆவாரம்பட்டை போய் ஏதேதோ மருந்து வந்துவிட்டது, அந்த வாசனைக்கு நானே மூக்கைப் பொத்துகிறேன். பாலாற்றில் தோண்டினால் மணலுக்குக் கீழே மணல். நைனா போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அந்தத் தலைவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. கதர் காலத்துக்கும் கிடக்கிறது. நைட்டி வாங்கி வந்த அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் புடவையை எடுத்தேன். கரையில் மூங்கில் பிளாச்சின் தடம் இன்னும் லேசாகத் தெரிகிறது. மருமகள் வேண்டாம் வேண்டாம் என்றாள், நான் கட்டிக்கொண்டேன். கனம்தான் தாங்கவில்லை. முதுகு வளைந்து, முட்டி மடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன்.

"பொடவை நல்லாத்தான் நிக்குது அத்தே. கால்கூடத் தெரியலையே," என்றாள்.

குனிந்து பார்த்தேன். கணுக்கால் மூடியிருந்தது. முளை இல்லை, கயிறு இல்லை, கஞ்சி இல்லை, தானாகவே மூடியிருந்தது. புடவை ஒரு விரக்கடைகூட நீளவில்லை. எஸ்தரம்மா பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு அந்த ஒரு சாண் திரும்பவும் வேண்டும்போல் இருந்தது. காலடியில் உட்கார்ந்து, சுண்டுவிரலைத் தரையில் ஊன்றி, நான் எவ்வளவு குறைந்திருக்கிறேன் என்று அளந்து சொல்லக் குப்பு இல்லை.